கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

நம் மாவட்டத்துக் காலனிகள் பலவற்றில் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ வேய்ந்த ஒரு ஜெப வீடு இருக்கும். ஞாயிறு காலையில் டிரம்ஸ் சத்தமும் கைத்தட்டலும் தெருமுனை வரை கேட்கும். சித்தாள் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வரும் பெண்கள்தான் அங்கே முன்வரிசை. படித்தவர்களில் சிலர் இதைக் கூச்சல் என்பார்கள். பெரிய கோவில்காரர்கள் இதைச் சபை என்றே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த வழிபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் நடுவே நிற்பவர், அடிமைகளாக இருந்த தாய் தந்தைக்குப் பிறந்த ஒரு கறுப்பர். பெயர் வில்லியம் ஜோசப் சீமோர். அவர் பெயரைச் சொல்லும் ஊழியர்கள் நம்மிடம் உண்டு. அவர் கறுப்பர் என்பதையும், அதனால் என்ன பாடு பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலத்தில் சென்டர்வில் என்ற சிற்றூரில் 1870 மே 2 அன்று பிறந்தார் சீமோர். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த பகுதி அது. தந்தை சைமனும் தாய் பிலிஸும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அடிமை முறைக்கு எதிராக நடந்த உள்நாட்டுப் போரில் சைமன் வடக்குப் படையில் சேர்ந்து பணியாற்றியவர். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. கூலி வாங்கும் கைகளாக அதே தோட்டங்களில் தொடர வேண்டியிருந்தது. பக்கத்து ஊரான பிராங்ளினில், சீமோர் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வெள்ளை ஆதிக்கத்தைக் காக்கவென்றே ஒரு ரகசிய சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. வாக்குச் சாவடிக்குப் போகும் கறுப்பர்களை அடித்து விரட்டுவது இப்படிப்பட்ட சங்கங்களின் வேலை. நம் ஊர்களில் பஞ்சாயத்துத் தேர்தல் நேரத்தில் நடப்பவற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

குழந்தையாகக் கத்தோலிக்கக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர் சீமோர். இளைஞராக வடக்கே புறப்பட்டுப் போனார். இண்டியானாபொலிஸ் நகரத்து ஹோட்டல்களில் சர்வராக வேலை பார்த்தார். அங்கே மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். அதிலும் நிற்கவில்லை. மாலை வெளிச்சப் பரிசுத்தவான்கள் என்று அழைக்கப்பட்ட ஒரு குழுவினர், மனிதர்கள் கட்டிய சபைப் பிரிவுகளை விட்டு வெளியே வாருங்கள், கடைசி நாட்களில் எல்லா நிறத்தவரும் ஒரே சபையாகக் கூடுவார்கள் என்று பிரசங்கித்து வந்தார்கள். சீமோர் அவர்களோடு போனார். ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறவர் என்று இதைக் குறை சொல்லிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. போன இடத்தில் எல்லாம் அவர் தேடியது ஒன்றைத்தான்: தன் நிறத்தை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லாத ஒரு கடவுள் வீடு.

இதற்கிடையில் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தார், இடது கண் போய்விட்டது. முகத்தில் தழும்புகள் தங்கின. ஊழியத்துக்கு வரும் அழைப்பைத் தட்டிக்கழித்ததற்காக வந்த நோய் என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த விளக்கத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் படுக்கையிலிருந்து எழுந்த மனிதர் போதகராக எழுந்தார் என்பது உண்மை.

1905-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகருக்கு வந்தார். அங்கே லூசி ஃபாரோ என்ற பெண் போதகரின் பழக்கம் ஏற்பட்டது. அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் அவர். சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைக்காரப் போதகரின் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், அங்கே அந்நியபாஷை பேசும் அனுபவத்தைப் பெற்றுத் திரும்பியிருந்தார். பெந்தெகொஸ்தே நாளில் சீடர்களுக்குக் கிடைத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லும் அந்த வரம் இன்றும் உண்டு, பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அதுவே அடையாளம் என்பது பார்ஹாமின் போதனை. 1906 ஜனவரியில் ஹூஸ்டனில் அவர் ஒரு வேதாகமப் பள்ளி தொடங்கியபோது, தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு சீமோர் கேட்டார்.

டெக்சாஸில் ஜிம் குரோ சட்டங்கள் நடப்பில் இருந்த காலம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் உட்காரக் கூடாது. பார்ஹாம் ஒரு வழி கண்டுபிடித்தார். சீமோர் வகுப்புக்கு வெளியே நடைபாதையில் உட்காரலாம். கதவு சற்றுத் திறந்திருக்கும். உள்ளே பேசுவது காதில் விழும். ஜெபத்துக்கு வெள்ளை மாணவர்கள் முன்னால் போகும்போது அவர் போகக் கூடாது. சாக்கு விரித்துத் தனியே உட்கார வைக்கப்பட்ட பீமாராவ் என்ற பள்ளிச் சிறுவனை நமக்குத் தெரியும். ஏறக்குறைய அதே காலத்தில், முப்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் வேதம் படிக்கக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஏன் உட்கார்ந்தார்? எழுந்து போயிருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியை நம் தோழர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். என் கணிப்பு இது. சொல்பவன் யார் என்பதையும் சொல்லப்படுவது என்ன என்பதையும் சீமோரால் பிரித்துப் பார்க்க முடிந்தது. பார்ஹாமின் நிறவெறி பார்ஹாமுடையது. ஆவியானவர் இன்றும் புதிதாக எதையாவது செய்யக்கூடும் என்ற செய்தி பார்ஹாமின் சொத்து அல்ல. அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஒரு சில வாரங்கள்தான் அந்த நடைபாதைப் படிப்பு.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துச் சிறிய கறுப்பினச் சபை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஜூலியா ஹட்சின்ஸ் என்ற பெண்மணி நடத்திய சபை. 1906 பிப்ரவரி 22 அன்று ரயிலில் போய் இறங்கினார். அந்நியபாஷை என்ற அடையாளத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த வரம் அவருக்கே அதுவரை கிடைத்திருக்கவில்லை. தான் பெறாத ஒன்றை உண்டு என்று நம்பிச் சொன்னார். சபைத் தலைமைக்கு அது பிடிக்கவில்லை. சில நாட்கள் கழித்து அவர் கூட்டத்துக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. வெள்ளையர் அவரைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். சொந்த மக்கள் கதவையே பூட்டிவிட்டார்கள்.

கையில் காசில்லை, ஊர் புதிது. எட்வர்ட் லீ என்பவர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். லீ கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கும் பணியாளர். கூட்டம் சற்று வளர்ந்ததும் பான்னி ப்ரே தெருவில் இருந்த ரிச்சர்ட் ஆஸ்பெரி வீட்டுக்கு ஜெபத்தை மாற்றினார்கள். அவரும் அதே வேலைதான். ஜெபத்துக்கு வந்தவர்களில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் துணி வெளுக்கும் பெண்களும் அதிகம். உலகக் கிறிஸ்தவத்தின் போக்கை மாற்றிய ஒரு இயக்கம் துப்புரவுப் பணியாளர்களின் வீட்டுக் கூடத்தில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 9 மாலை, சீமோர் தலையில் கைவைத்து ஜெபித்தபோது லீ அந்நியபாஷை பேசினார். அன்றிரவே ஆஸ்பெரி வீட்டில் வேறு பலரும் பேசினார்கள். அந்தத் தெருவில் குடியிருந்த ஜென்னி மூர் பியானோவில் உட்கார்ந்தார். அதுவரை கற்றிராத இசையை வாசித்தார் என்று சாட்சி சொல்வார்கள். மூன்று நாள் கழித்துச் சீமோருக்கும் அந்த அனுபவம் கிடைத்தது. செய்தி பரவி ஜனம் திரண்டது. வீட்டுத் திண்ணை பாரம் தாங்காமல் சரிந்தது. வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அசுசா தெரு, 312 என்ற எண். நாற்பதுக்கு அறுபது அடி மரக்கட்டடம். ஒரு காலத்தில் கறுப்பின மெதடிஸ்ட் கோவிலாக இருந்து, பிறகு குதிரை லாயமும் சரக்கு போடும் இடமுமாக மாறியிருந்தது. கூட்டிப் பெருக்கி, தரையில் மரத்தூளையும் வைக்கோலையும் பரப்பினார்கள். ஆணிப் பீப்பாய்களின் மேல் பலகை வைத்தால் பெஞ்சு. இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் பிரசங்க மேடை. மேடை உயரத்தில் இல்லை. நடுவில், எல்லோரும் உட்காரும் அதே தரையில். சீமோர் பல வேளைகளில் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஜெபித்தபடியே இருப்பாராம். காணிக்கைத் தட்டு சுற்றவில்லை; கதவோரம் ஒரு பெட்டி இருந்தது. காலை, மதியம், இரவு என்று ஒரு நாளில் மூன்று கூட்டம். ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தது.

ஏப்ரல் 18 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளேடு முதன்முதலாக இதைப் பற்றி எழுதியது. விசித்திரமான உளறல் என்று கேலி. பிரசங்கியாரின் பழுதான கண்ணையும் நிறத்தையும் விடவில்லை. அதே நாள் அதிகாலையில் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் இடிந்தது. மனிதர்கள் நடுங்கிப் போயிருந்த அந்த நாட்களில் அசுசா தெருவுக்குக் கூட்டம் இன்னும் கூடியது.

சேரிப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிய வகுப்பறைகளில் தமிழ் படித்தவன் என்பதால், உளறல் என்ற அந்தச் சொல்லில் எனக்கு ஒரு நிறுத்தம் உண்டு. எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் வாயைத் திறந்தால், பேசுவது எந்த மொழியானாலும் மேலே இருப்பவர்களின் காதுக்கு அது உளறல்தான்.

அங்கே வந்தவர்கள் யார் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோக்காரர், சீனர் எல்லோரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பிரசங்கித்தார்கள், நிர்வாகத்தில் இருந்தார்கள். ஒருவர் காலை ஒருவர் கழுவும் ஆராதனை நடந்தது. நிறக்கோடு கிறிஸ்துவின் ரத்தத்தில் கழுவப்பட்டுவிட்டது என்று, கூட்டங்களில் கலந்துகொண்ட வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் பிராங்க் பார்டில்மன் பதிவு செய்தார். கறுப்பர்களைக் கும்பலாகக் கூடி மரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த நாட்டில் இது நடந்தது.

காஸ்டன் காஷ்வெல் என்ற போதகரின் கதை இதற்கு நல்ல சான்று. வட கரோலினாவிலிருந்து நாடு முழுவதையும் ரயிலில் கடந்து 1906 இறுதியில் அசுசா தெருவுக்கு வந்தார். வெள்ளையர். ஒரு கறுப்பின இளைஞர் ஜெபிப்பதற்காக அவர் தலைமேல் கை வைத்தார். காஷ்வெல்லுக்கு உடம்பு கூசியது; எழுந்து அறைக்குப் போய்விட்டார். அங்கே தனியாக உட்கார்ந்து தன் மனசோடு போராடினார். பிறகு திரும்பி வந்து, சீமோரும் அந்த இளைஞர்களும் தன் தலைமேல் கைவைத்து ஜெபிக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். ஊர் திரும்பியதும் தெற்கு மாநிலங்கள் எங்கும் இந்த எழுப்புதலைக் கொண்டுபோனவர் அவர்தான். அவருக்கு அந்நியபாஷை வந்தது பெரிய அற்புதமா, கூச்சம் போனது பெரிய அற்புதமா? தீண்டாமையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரியும்.

1906 செப்டம்பரில் அப்போஸ்தல விசுவாசம் என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். முதல் இதழ் 5,000 பிரதி. பிறகு 50,000 வரை போனது. பணம் கட்ட வேண்டாம், கேட்டவர்களுக்கு அனுப்பினார்கள். அசுசாவிலிருந்து ஊழியர்கள் பல நாடுகளுக்கும் புறப்பட்டார்கள். லூசி ஃபாரோ ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போனார். ஆல்ஃபிரட் கார், லில்லியன் கார் என்ற வெள்ளைத் தம்பதியர் தங்களுக்கு வங்காள மொழி அருளப்பட்டுவிட்டது என்று நம்பி 1907 தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வந்த பிறகு ஒரு வங்காளிக்கும் அவர்கள் பேச்சுப் புரியவில்லை. கப்பல் ஏறித் திரும்பிவிடவில்லை. வரத்தைப் பற்றிய தங்கள் புரிதலை மாற்றிக்கொண்டு ஊழியத்தைத் தொடர்ந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்துதான் எல்லாம் இங்கே வந்தது என்றும் நினைக்க வேண்டாம். அசுசாவுக்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860-இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் சபைகளில் எழுப்புதலும் அந்நியபாஷையும் காணப்பட்டன. 1905-இல் பூனாவுக்கு அருகே கேட்காவில் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்துப் பெண்கள் இரவு பகலாக ஜெபித்தார்கள். அந்தக் காற்று பல திசைகளிலிருந்தும் வீசியது.

1906 அக்டோபரில் பார்ஹாம் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். சீமோர் அவரைத் தன் ஆவிக்குரிய தகப்பனாக மதித்து வரவேற்றார். உள்ளே நுழைந்த பார்ஹாமுக்குக் கண்ணில் பட்டது கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர்மேல் ஒருவர் கைபோட்டு ஜெபித்த காட்சி. அருவருப்பு அடைந்தார், மேடையிலிருந்தே கண்டித்தார். சபை மூப்பர்கள் அவரை வெளியே போகச் சொன்னார்கள். அவர் அதே நகரத்தில் போட்டிக் கூட்டம் நடத்திப் பார்த்தார், எடுபடவில்லை. பிற்காலத்தில் அசுசாவை இனவெறிச் சொற்களால் ஏசியதோடு, கறுப்பர்களைக் கொன்ற கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலைப் பாராட்டியும் பேசினார்.

இங்கேதான் சீமோரின் பெருமை இருக்கிறது என்பேன். அந்நியபாஷைதான் ஆவியின் அடையாளம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரே பார்ஹாம். அந்த பாஷையைப் பேசிக்கொண்டே ஒரு மனிதனால் சக மனிதனை அருவருக்க முடிகிறது. அப்படியானால் அடையாளம் எது? சீமோர் தன் போதனையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். கோபமும் புறங்கூறுதலும் உள்ளவன் எத்தனை பாஷை பேசினாலும் அபிஷேகம் பெற்றவன் அல்ல, தெய்வீக அன்புதான் மெய்யான அடையாளம் என்ற போதனை 1908-க்குள் அவர் பத்திரிகையிலேயே வந்துவிட்டது. அந்நியபாஷையை அவர் கைவிடவில்லை. அது வரங்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டார். எந்தப் போதனையைச் சொன்னதற்காகக் கதவு பூட்டப்பட்டு நின்றாரோ, எந்தப் போதனையால் உலகப் புகழ் பெற்றாரோ, அதையே திருத்தினார். புதியதற்கு மனதைத் திறந்து வைப்பது இளமையில் எளிது. ஒரு இயக்கத்தின் தலைவராகி, தன் பேச்சைக் கேட்க ஆயிரம் பேர் வந்த பிறகும் திறந்து வைத்திருப்பது அபூர்வம்.

அதன்பின் இறங்குமுகம். 1908 மே 13 அன்று ஜென்னி மூரை மணந்தார். பத்திரிகைப் பணியைக் கவனித்துவந்த கிளாரா லம் என்ற வெள்ளைப் பெண்மணி அதை ஏற்கவில்லை. சந்தாதாரர் முகவரிப் பட்டியலோடு போர்ட்லாண்ட் நகருக்குப் போய்விட்டார். உலகம் முழுவதும் இருந்த வாசகர்களோடு சீமோருக்கு இருந்த தொடர்பு ஒரே வீச்சில் அறுந்தது. 1911-இல் சீமோர் வெளியூர்ப் பயணத்தில் இருந்தபோது, சிகாகோவிலிருந்து வந்த வில்லியம் டர்ஹாம் என்ற வெள்ளைப் போதகர் அசுசா மேடையில் நின்று, பரிசுத்தமாக்கப்படுதல் பற்றிச் சபை நம்பிவந்ததற்கு மாறாகப் பிரசங்கித்தார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. சீமோர் திரும்பி வந்தார்; நிர்வாகிகள் கதவைப் பூட்டி டர்ஹாமை வெளியே நிறுத்தினார்கள். ஒரு காலத்தில் பூட்டிய கதவின் முன் நின்றவர், இப்போது கதவைப் பூட்டும் பக்கம் இருந்தார். பலர் டர்ஹாமோடு போய்விட்டார்கள்.

1914-இல் ஆர்கன்சா மாநிலம் ஹாட் ஸ்பிரிங்ஸில் ஏறத்தாழ முழுவதும் வெள்ளையரான போதகர்கள் கூடி அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அசுசாவில் கழுவப்பட்ட கோடு எட்டே ஆண்டுகளில் திரும்பவும் கிழிக்கப்பட்டது. நமக்கு இது புதிதில்லை. கிறிஸ்தவனுக்குச் சாதி இல்லை என்ற கணக்கில் 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. அதே கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பக்கம் இருக்கிறது. அந்நியபாஷை பேசும் சபைகளும் விதிவிலக்கு அல்ல. ஒரே பாயில் உட்கார்ந்து ஆராதிப்பவர்கள், பெண் எடுக்கும்போது எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.

1915-இல் சீமோர் தன் சபைக்கு ஒரு சட்டப் புத்தகம் எழுதினார். தலைவர், துணைத் தலைவர், சொத்துப் பொறுப்பாளர்கள் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று அதில் வைத்தார். வெள்ளைச் சகோதரர்களை நேசிக்க வேண்டும், உறுப்பினராக ஏற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினார். இதைத் தலைகீழ் நிறவெறி என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் முகவரிப் பட்டியலையும் ஜனத்தையும் கொண்டுபோன பிறகு, மிஞ்சிய வீட்டின் சாவியையாவது வைத்துக்கொள்ள நினைத்ததில் என்ன தவறு? பலகையில் இடம் எல்லோருக்கும், சாவி நம்மிடம். தனித் தொகுதி கேட்டவர்களின் வாரிசுகளுக்கு இந்த நியாயம் புரியும்.

கடைசி ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் மிகச் சிலரே கூடினார்கள். அநேகமாக எல்லோரும் கறுப்பர்கள். வெள்ளையர் நடத்திய பெரிய பெந்தெகொஸ்தே மாநாடுகளுக்குச் சீமோர் சில வேளைகளில் போவதுண்டு. மேடைக்கு அழைப்பார் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துவிட்டு வருவார். 1922 செப்டம்பர் 28 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 52. ஜென்னி சபையைத் தொடர்ந்து நடத்தினார். 1931-இல் கட்டடம் இடிக்கப்பட்டது. 1936-இல் ஜென்னியும் போய்ச் சேர்ந்தார்.

சீமோரை அடக்கம் செய்தது லாஸ் ஏஞ்சலஸ் எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில். கறுப்பர் உடலுக்குப் பல இடங்களில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், அவர்களுக்குக் கதவைச் சாத்தாத தோட்டம் அது. அங்கே உள்ள கல்லில் அவர் பெயரும், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும், எங்கள் போதகர் என்ற சொற்களும் மட்டும் இருக்கின்றன.